யு87 மைக் காலைல கடுகு மாதிரி பொரியுது, கேப்ஸ்யூல் (சத்தத்தைப் பிடிக்கிற பாகம்) போச்சுன்னு சொல்றாங்க, நம்பலாமா?

சாலிகிராமம்_டப்பிங்:

வணக்கம் எல்லாருக்கும். சாலிகிராமத்துல சின்னதா ஒரு வாய்ஸ் ரூம் வெச்சிருக்கேன், பெரும்பாலும் டப்பிங், ஆடியோபுக், அப்பப்ப விளம்பரம். மெயின் மைக் நியூமன் யு87 ஏஐ (இது அந்த ஏஐ இல்ல, இவன் 1986லயே வந்துட்டான்). ஆறு வருஷம் முன்னாடி மூடிட்டு போன ஒரு ஸ்டுடியோகிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, இது வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

ஐப்பசி மழை ஆரம்பிச்சதுலருந்து காலைல முதல் செஷன்ல ஹெட்ஃபோன் மாட்டினா படபட படபடன்னு, எண்ணெய்ல கடுகு போட்ட மாதிரி சத்தம், ரூம்ல யாரும் வாயே தொறக்கல, அப்பவும் வருது. பதினோரு மணி, பன்னெண்டு மணி ஆனா தானா அடங்கிடுது. மறுநாள் காலைல திரும்ப அதே கதை. கேபிள் மாத்திட்டேன், ப்ரீஆம்ப் மாத்திட்டேன், வேற மைக் அதே லைன்ல போட்டா க்ளீனா இருக்கு, அதனால மைக்தான்னு முடிவாயிடுச்சு. இன்னொண்ணு, மேல் பக்கம் ட்ரெபிள் கொஞ்சம் மந்தமா இருக்கிற மாதிரி தோணுது, அது நிஜமா இல்ல என் பயமான்னு தெரியல.

ஒரு கடைக்கு எடுத்துட்டு போனேன், பேர் வேணாம். தொறந்து கூட பாக்கல, "கேப்ஸ்யூல் அவுட் சார், நம்மகிட்ட சைனா கேப்ஸ்யூல் இருக்கு, நாளைக்கே போட்டுத் தர்றேன், பழசை நாங்க எடுத்துக்குவோம்"னார். அந்தக் கடைசி வரிதான் உறுத்திக்கிட்டே இருக்கு. வீட்ல மாமனார் போன் நனைஞ்சா பண்ற மாதிரி அரிசி டப்பாக்குள்ள போட்டு வைங்க மாப்ளன்றார். யாராவது அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க, வாரத்துல நாலு நாள் காலை ஸ்லாட் போகுது.

மதுரை_ஹோம்ஸ்டுடியோ:

ப்ரோ அரிசி மட்டும் வேணாம், அரிசி மாவு கிரில் வழியா உள்ள போச்சுன்னா அப்புறம் பொங்கல்தான். எனக்கு இந்த ரேஞ்ச் மைக் எல்லாம் கனவு, அதனால ஃபாலோ பண்றேன்.

ரீல்_காலத்து_ஆளு:

தம்பி, அந்தக் கடை வாசல் பக்கம் இனி மைக்கோட போகாத. காலைல பொரியுது, மத்தியானம் நின்னுடுதுன்னு நீயே எழுதிட்ட, பாதி பதில் அதுலயே இருக்கு. டயாஃப்ரம் (கேப்ஸ்யூல்ல இருக்கிற தங்கம் பூசின மெல்லிசு ஃபிலிம்) கிழிஞ்சிருந்தாலோ தங்கம் உரிஞ்சிருந்தாலோ அது மத்தியானம் ஆனதும் ஒட்டிக்காது. வந்து வந்து போற வியாதின்னா முதல்ல ஈரத்தைச் சந்தேகப்படணும்.

ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோ. கேப்ஸ்யூல்ன்றது ஒரு கண்டென்சர்தான், கண்டென்சர் மைக்னு பேர்லயே இருக்கு, ஒரு பக்கம் பித்தளைத் தட்டு, அதுக்கு முன்னாடி தங்கம் பூசின மைலார் ஃபிலிம், தடிமன் ஆறு மைக்ரான் சுமாருக்கு இருக்கும், நம்ம தலைமுடியில பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அதோட கெபாசிட்டன்ஸ், அதாவது சார்ஜ் பிடிக்கிற திறன், ரொம்பக் கம்மி, சில பத்து பிக்கோஃபாரட். அவ்ளோ துளியூண்டு சார்ஜ் ஒழுகாம நிக்கணும்னா அதைச் சுத்தி இருக்கிற எல்லாமே, ரெசிஸ்டர், போர்டு, வயர் நிக்கிற இன்சுலேட்டர், எல்லாம் ஜிகா ஓம் கணக்குல தடுப்பு காட்டணும், ஒரு ஜிகான்னா நூறு கோடி ஓம். அந்த இடத்துல யாரோ எப்பவோ வெச்ச ஒரு விரல் ரேகை போதும். வெயில் காலத்துல அந்த எண்ணெய்ப் பசை காஞ்சு கிடக்கும், ஒண்ணும் பண்ணாது. மழை வந்து ஈரம் ஏறினதும் அது ஒரு ஒழுகுற பாதை ஆயிடும், மெட்ராஸ்ல கடல் காத்து உப்பும் சேரும். சார்ஜ் சீரா ஒழுகினா லெவல் குறையும், விட்டு விட்டு குதிச்சா அதுதான் உன் கடுகு.

மந்தமா இருக்குன்றதும் பயம் இல்ல, நிஜமா இருக்கலாம். கேப்ஸ்யூலுக்கு வோல்டேஜ் கொடுத்து வெச்சிருக்கோம்ல, அது தூசியை இழுக்கும். அது மேல ஆறு வருஷமா டப்பிங் ஆளுங்க எச்சில். ஃபிலிம் மேல ஒரு படலம் ஒட்டிக்கிச்சுன்னா வெயிட் ஏறும், ட்ரெபிள் போகும்.

இப்ப காசு செலவில்லாம ரெண்டு விஷயம் பாரு. மீட்டர் எடுத்து, மைக்கைக் கழட்டிட்டு, கேபிள் முனையில பின் 1க்கும் 2க்கும் நடுவுல, அப்புறம் 1க்கும் 3க்கும் நடுவுல வோல்டேஜ் பாரு. ரெண்டும் 44லருந்து 52க்குள்ள இருக்கணும், முக்கியமா ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும். வேற மைக் ஓடுதுன்றதால ஃபேன்டம் (கேபிள் வழியா மைக்குக்குப் போற 48 வோல்ட்) சரியாத்தான் இருக்கும், இருந்தாலும் பாரு, யு87 ஏஐ வெறும் 0.8 மில்லிஆம்ப்தான் எடுக்கும், அதனால மைக் மாட்டினாலும் மூணு வோல்ட் கூட இறங்காது. ரெண்டாவது, ஃபிகர் எய்ட்ல (முன்னும் பின்னும் கேக்கற மோட்) போட்டு முன்பக்கம் நின்னு ஒரு பத்தி படி, அதே தூரத்துல பின்பக்கம் நின்னு அதே பத்தி படி. அந்த மோட்ல ரெண்டு டயாஃப்ரமும் வேலை செய்யும், ரெண்டும் ஒரே மாதிரி கேக்கணும். பின்பக்கம் பளிச்சுன்னும் முன்பக்கம் போர்வை போத்தின மாதிரியும் இருந்தா முன் டயாஃப்ரம்ல அழுக்குன்னு வெச்சுக்கோ.

மைக்கை நீ தொறக்காத. ஹேர் ட்ரையர் காட்டாத. வாயால ஊதவே ஊதாத, ஊதுற காத்துல எச்சில்தான் இருக்கு.

கொழும்பு_ஒலி:

வணக்கம். எங்களுக்கும் கொழும்பில இதே கரைச்சல்தான், இஞ்ச வருசம் முழுக்க ஈரம். ஒரு கேள்வி கேக்கட்டோ, இரவில ஏசியை நிப்பாட்டிப்போட்டு மைக்கை ஸ்டாண்டிலயே விட்டிட்டுப் போறனீங்களோ? நான் அப்பிடித்தான் செய்துகொண்டு இருந்தனான். ஏசி ஓடேக்க அறை காஞ்சு குளிரா இருக்கும், நிப்பாட்டினாப் பிறகு வெளிக்காத்து மெல்ல மெல்ல உள்ள வரும், மைக் இன்னும் குளிரா நிக்கும், ஐஸ் தண்ணி ரம்ளரில வேர்க்கிற மாதிரி உள்ளுக்கை வேர்த்திடும். காலமை வந்து ஏசியைப் போட்டா ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில காத்து காஞ்சு சரியாகிடும். நீங்கள் சொல்லுற நேரம் அச்சொட்டா பொருந்துது.

கமரா லென்ஸ் வைக்கிற டிரை கபினெட் ஒண்டு வாங்கி ஈரப்பதத்தை 40, 45 வீதத்தில வச்சிட்டு, வேலை முடிஞ்ச உடனை மைக்கை அதுக்குள்ள வைக்கிறன். அதுக்குப் பிறகு பொரியிற சத்தம் கேக்கேல்லை. கபினெட் வாங்க ஏலாது எண்டா காத்துப் புகாத சாப்பாட்டுப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் காணும். ஆனா ஜெல் மணியை சும்மா கொட்டாதேங்கோ, துணிப் பையில கட்டி வையுங்கோ.

சாலிகிராமம்_டப்பிங்:

அண்ணே கொழும்பு அண்ணே, நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்க! ஆமா, ராத்திரி எட்டு மணிக்கு ஏசி ஆஃப், மைக் ஸ்டாண்ட்லயேதான், மேல ஒரு துணி கூட போடறதில்ல.

ரீல் சார், டெஸ்ட் பண்ணேன். 1-2 நடுவுல 47.6, 1-3 நடுவுல 47.5. ஃபிகர் எய்ட்ல முன்பக்கம் பின்பக்கம் ரெக்கார்ட் பண்ணி எது எதுன்னு சொல்லாம என் எடிட்டர் பொண்ணுகிட்ட போட்டுக் காமிச்சேன், "முதல்ல இருக்கிறது யாரோ கைக்குட்டை கட்டிட்டு பேசற மாதிரி இருக்குண்ணா"ன்னா. முதல்ல இருந்தது முன்பக்கம். மைக் இப்ப டப்பர்வேர்ல இருக்கு, ரெண்டு பை நீல சிலிக்கா ஜெல்லோட. ஒரே ராத்திரியில ஜெல் ரோஸ் ஆயிடுச்சு, அவ்ளோ ஈரம் டப்பாக்குள்ளயே இருந்திருக்கு போல.

அந்தக் கடை சொன்ன சைனா கேப்ஸ்யூல் பத்தியும் யாராவது சொல்லுங்க, போட்டா என்னதான் ஆகும்?

பெங்களூர்_மிக்ஸ்:

என்ன ஆகும்னு நான் சொல்றேன், வயித்தெரிச்சலோட. என்கிட்ட பழைய ஏகேஜி சி414 ஈபி மைக் ஒண்ணு இருந்துச்சு, அந்தக் காலத்து பித்தளை சிகே12 கேப்ஸ்யூல் உள்ளது. தெரிஞ்சவங்களுக்கு தெரியும், பின்னாடி ஏகேஜியே அதை விட்டுட்டு பிளாஸ்டிக் உடம்பு கேப்ஸ்யூலுக்கு மாறிட்டாங்க, அதனால பித்தளைக்கு தனி மவுசு. ஹம் (ம்ம்ம்னு ஒரு இரைச்சல்) வருதுன்னு ஒரு சர்வீஸ் ஆள்கிட்ட கொடுத்தேன். ஹம் போயிடுச்சு, ஆனா மைக் குரலே மாறிடுச்சு, வயலின் எடுத்தா தகரம் தகரமா வருது. ஒரு வருஷம் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் ஒரு நண்பர் டார்ச் அடிச்சு பாத்துட்டு "இது சிகே12 இல்லடா, சிகே12ல நடுவுல ஸ்க்ரூவே கிடையாது, வயர் ஓரத்துலருந்து வரும்"னார். உள்ள இருந்தது நடுவுல ஸ்க்ரூ வெச்ச ஏதோ ஒண்ணு. ஹம்முக்கும் கேப்ஸ்யூலுக்கும் சம்பந்தமே இல்ல, நைசா மாத்திட்டு அனுப்பியிருக்காங்க. கேக்கப் போனா "நீங்க கொடுத்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு"ன்றாங்க, என்கிட்ட போட்டோ இல்ல, என்ன பண்ணுவேன்.

அதனால யார்கிட்ட கொடுத்தாலும் கிரில் வழியா டார்ச் அடிச்சு கேப்ஸ்யூல் ரெண்டு பக்கமும் போட்டோ, சீரியல் நம்பர் போட்டோ, அப்புறம் ரசீதுல "பழைய பாகங்கள் அனைத்தும் திருப்பித் தரப்படும்"னு ஒரு வரி எழுதி வாங்குங்க. எழுத மாட்டேன்னு சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

ரீல்_காலத்து_ஆளு:

பெங்களூர் சொன்னது நெஞ்சு வலிக்குது. பித்தளை சிகே12ஐ இப்ப காசு கொடுத்தாலும் தேடணும்.

சைனா கேப்ஸ்யூல் எல்லாமே குப்பைன்னு நான் சொல்ல மாட்டேன், சிலது பரவால்ல. ஆனா மேல பாத்தா ஒரே மாதிரி இருக்கிறதால ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தும்னு நினைக்கக் கூடாது. யு87லயே ரெண்டு தலைமுறை இருக்கு. 1967ல வந்த பழைய யு87ல பின் தட்டு ரெண்டா பிரிச்சு, ஒண்ணுக்கொண்ணு மின்சாரம் தொடாம இருக்கும், கேப்ஸ்யூலுக்கு ஃபேன்டம்லருந்து வர்ற 48 வோல்ட் கிட்டதான் போகும். ஏஐ மாடல்ல உள்ளயே ஒரு கன்வெர்ட்டர் வெச்சு 60 வோல்ட் கிட்ட ஏத்திக் கொடுக்கறாங்க, கேப்ஸ்யூல் வயரிங்கும் வேற. சென்சிடிவிட்டி பாத்தாலே தெரியும், பழசு கார்டியாய்டுல (முன்பக்கம் மட்டும் கேக்கற மோட்) ஒரு பாஸ்கல் சத்தத்துக்கு 8 மில்லிவோல்ட் கொடுக்கும், ஏஐ 28. இது எதுவும் தெரியாம "யு87 கேப்ஸ்யூல்"னு ஒரு டப்பாலருந்து எடுத்து மாட்டுறவன்கிட்ட கொடுத்தா சத்தம் வரும், நீ காசு கொடுத்து வாங்கின மைக் வராது.

நியூமன் 1991லருந்து சென்ஹைசர் கம்பெனி கையில, அதனால இந்தியாவுல முறையா போகணும்னா அவங்க வழியாத்தான். செலவு ஆகும், நாள் ஆகும், ஆனா ஒரிஜினல் கேப்ஸ்யூல் வரும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதுன்றதால அதுக்கு முன்னாடி சீரியல் நம்பரை கம்பெனிக்கு மெயில் போட்டு விசாரிச்சுடு. யு87க்கு டூப்ளிகேட் நிறைய சுத்துது, கம்பெனி வரைக்கும் அனுப்பி அப்புறம் போலின்னு தெரிஞ்சா அசிங்கம்.

கோவை_கீபோர்டு:

ஏன் இவ்ளோ பில்டப்? நான் என் மைக் கேப்ஸ்யூலை யூடியூப் பாத்து டிஸ்டில்டு வாட்டர், சாஃப்ட் பிரஷ் வெச்சு நானே கழுவினேன், சூப்பரா இருக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்ல காண்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே கிடைக்கும், போர்டுக்கு அதை அடிச்சு விடுங்க, முடிஞ்சுது.

ரீல்_காலத்து_ஆளு:

உன் மைக் என்ன விலை தம்பி? பதினஞ்சாயிர ரூபா மைக்ல கை பழகறது தப்பே இல்ல, நாங்களும் அப்படித்தான் கத்துக்கிட்டோம். டிஸ்டில்டு வாட்டர், பிரஷ், அதுவும் நிஜமான முறைதான், ஆனா பூதக்கண்ணாடிக்கு கீழ, பிரஷ் முடி பாதி ஈரத்துல, அழுத்தமே இல்லாம, ஒரு துளி கூட ஓரத்து இடுக்குல இறங்காம பண்ணணும். இறங்கிச்சுன்னா ஃபிலிமுக்கும் தட்டுக்கும் நடுவுல மாட்டிக்கும். நடு ஸ்க்ரூவைத் தொடப் போய் டிரைவர் வழுக்கி ஃபிலிம்ல ஓட்டை போட்ட மைக் என் மேஜைக்கே ரெண்டு வந்திருக்கு.

ஸ்ப்ரே கிட்ட மட்டும் போகாத. அந்த கிளீனர் நிறையது எண்ணெய்ப் படலம் விட்டுட்டுப் போகும், வால்யூம் கன்ட்ரோலுக்கு அது நல்லது, ஜிகா ஓம் போர்டுக்கு விஷம். 99 சதவீதம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்தான், அதுவும் போர்டுக்கு மட்டும், கேப்ஸ்யூல் மேல ஒரு சொட்டு கூட படாம.

மதுரை_ஹோம்ஸ்டுடியோ:

ரீல் சார், என்னோடது இருபதாயிரத்துக்குள்ள மைக், அதுவும் மழைல லேசா பொரியும். ரிப்பேர் பண்றது வொர்த்தா?

ரீல்_காலத்து_ஆளு:

சிலிக்கா ஜெல் டப்பா, எக்ஸ்எல்ஆர் சாக்கெட் (கேபிள் மாட்டற இடம்) சால்டர் விட்டிருக்கான்னு பாக்கறது, போர்டு க்ளீன், இதுவரைக்கும் வொர்த். கேப்ஸ்யூலே மாத்தணும்னா அந்தக் காசுல புதுசு பாரு.

பெங்களூர்_மிக்ஸ்:

யாராவது ஜெர்மனிக்கோ வேற எங்கயோ ரிப்பேருக்கு அனுப்பறதா இருந்தா ஒண்ணு சொல்லிடறேன். அனுப்பும்போதே கஸ்டம்ஸ் பேப்பர்ல "பழுதுபார்க்க அனுப்பி திரும்ப வரும்"னு சீரியல் நம்பரோட பதிவு பண்ணுங்க. அப்படி பண்ணா திரும்பி வரும்போது மைக்கோட முழு விலைக்கு டியூட்டி கிடையாது, ரிப்பேர் செலவு, இன்சூரன்ஸ், போக வர சரக்குக் கட்டணம், இதுங்க மேலதான் கணக்கு போடுவாங்க. சும்மா கூரியர்ல கிஃப்ட்னு போட்டு அனுப்பினீங்கன்னா வரும்போது அது உங்க மைக்தான்னு நிரூபிக்கவே முடியாது.

சாலிகிராமம்_டப்பிங் (மூணு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் அப்டேட். சிலிக்கா டப்பாலருந்து எடுத்ததும் நாலு நாள் சுத்தமா சத்தமே இல்ல, அஞ்சாவது நாள் நல்ல மழை, லேசா திரும்ப ஆரம்பிச்சுது. சீரியல் நம்பர் விசாரிச்சேன், ஒரிஜினல்தான், அப்பாடா. ரீல் சார் தனி மெசேஜ்ல மைக் ரிப்பேர் பண்ற ஒரு பெரியவரைச் சொன்னார், முன்னாடியே போட்டோ எல்லாம் எடுத்துட்டு போனேன், அவரே "நீ பக்கத்துல உக்காந்து பாருப்பா"ன்னுட்டார், அங்கயே நம்பிக்கை வந்துடுச்சு.

தொறந்தா கதை தெரிஞ்சுது. எனக்கு முன்னாடி வெச்சிருந்தவங்க யாரோ ஒரு தடவை தொறந்து ஒரு ரெசிஸ்டரை மாத்தியிருக்காங்க, சால்டர் ஃப்ளக்ஸ் (பத்த வைக்கும்போது போடற பசை) மஞ்சளா அப்படியே கிடக்குது, அதுவும் சரியா அந்த ஜிகா ஓம் ரெசிஸ்டர் பக்கத்துல, கூடவே ஒரு கட்டைவிரல் ரேகை, ஆதார் எடுத்துடலாம் போல அவ்ளோ தெளிவா. பெரியவர் ஆல்கஹால்ல மூணு தடவை கழுவி, விளக்கு போட்டு காய வெச்சு, கையுறை போட்டுத்தான் திரும்ப மாட்டினார்.

இப்ப என் பங்கு அவமானம். கிரில் உள் ஸ்பாஞ்சுல சிவப்பா ஏதோ தூள். அவர் விரல்ல தொட்டு மோந்து பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்தார். குங்குமம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான்தான் பக்தியா கிரில் மேலயே சந்தனம் குங்குமம் வெச்சு, சாம்பிராணி காட்டி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஊதுவத்தி வேற. முன் டயாஃப்ரம்ல அந்தப் புகைப் படலமும் எச்சிலும் சேந்து தங்கமே பழுப்பா தெரியுது. பின்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு.

கேப்ஸ்யூலை அவர் தொடல. "ஓட்டை இல்ல, உரியல, சத்தம் போர்டுல இருந்துதான் வந்துச்சு, இதைக் கழுவறதுன்னா மழை போகட்டும், பொங்கலுக்கு அப்புறம் காஞ்ச நாளா பாத்து கொண்டு வா, அவசரத்துல வேணாம்"னார். அதுவரைக்கும் ஈக்யூல ட்ரெபிளைக் கொஞ்சம் ஏத்திக்கிட்டு ஓட்டறேன். டிரை கபினெட் வாங்கிட்டேன், கொழும்பு அண்ணனுக்கு நன்றி. இப்ப ரெண்டு வாரமா காலை ஸ்லாட் ஒண்ணு கூட விடல, நேத்து காலைல அந்த மழையிலயும் சுத்தம்.

கொழும்பு_ஒலி:

சந்தோசம். வாய்க்கு முன்னால பொப் ஃபில்டர் ஒண்டு போடுங்கோ, எச்சிலுக்கு அதுதான் மறிப்பு.

மதுரை_ஹோம்ஸ்டுடியோ:

அடுத்த ஆயுத பூஜைக்கு பொட்டு எங்க வைப்பீங்க ப்ரோ?

சாலிகிராமம்_டப்பிங்:

ஸ்டாண்டோட கால்ல. அதுவும் மைக்கை கபினெட்ல பூட்டிட்டு. அப்புறம் அந்தக் கடைக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார், "கேப்ஸ்யூல் ரெடியா இருக்கு, மைக் எப்ப கொண்டு வர்றீங்க"ன்னு.